புத்தகத்துக்கு ஊர் கேட்டவர்

எங்கள் துறைத் தலைவர் தில்லைநாயகம் சாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "யாரு, நம்ம பூனைக்கு ஊர் கேட்டவரா?" என்பதுதான்.

அவரேதான். என் தம்பியின் கல்யாண விருந்துக்கு மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலடியில் சுற்றிய பூனையைப் பார்த்து, "இது எந்த வீட்டுக் குட்டி?" என்று விசாரித்தார். தானாக வந்து சேர்ந்தது என்று உம்மா சொன்னாள். "தானா வந்ததுன்னா கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று எச்சரித்துவிட்டு, அவருக்கென்று தனியாகச் சமைத்து வைத்திருந்த சைவச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தார். அதைச் சமைத்தவர் எந்த ஊர் என்பதை அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

முக்கூடல் போகிற வழியில் உள்ள ஒரு கல்லூரியில் சமூகவியல் துறை என்று இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் தலைவர். நான், இஷ்ரத், கௌரவ விரிவுரையாளர். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவருக்கு வரவே வராது. ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் இப்படி இரண்டு பேரை உட்கார வைத்தால், கோபப்படாத ஆள்தான் எப்போதும் ஜெயிப்பார். பல வருடமாக அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

தாத்தா காலத்து வயல்கள் பாதி வழக்கிலும் பாதி கல்யாணத்திலும் கரைந்துபோக, மிச்சத்துக்குப் படிப்பு வந்த குடும்பம் அவருடையது. பாளையங்கோட்டையில் வீடு. மனைவி கோமு அம்மாள். ஒரே மகள் மதுமதி சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறாள். சார் வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துவார், அதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். சாதி, உறவுமுறை, திருமண விதிகள் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து விளக்குவார். ஆனால் அதெல்லாம் எங்கேயோ தூர தேசத்தில் நடக்கிற மாதிரியே விளக்குவார். "மணம் என்பது இரு குழுக்களுக்கு இடையிலான ஏற்பாடு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தால், அவருடைய போன் அடிக்கும். அப்போது இன்னொரு வேலை தொடங்கும்.

அந்த வேலையின் பெயர் விசாரிப்பு. அவருடைய சனத்தில் யார் வீட்டிலாவது ஒரு சம்பந்தம் பேச்சுக்கு வந்தால், ஜாதகம் பார்க்கிறவருக்கு முன்னால் தில்லைநாயகம் சாருக்குப் போன் வரும். "வீரவநல்லூர்ல ஒரு இடம் வந்திருக்கு, எப்படின்னு சொல்லணும்" என்பார்கள். இவர் இன்னும் நாலு பேருக்குப் போன் போடுவார். அந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்களா, துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், பந்தியில் பரிமாறுகிறவனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பார். எல்லாம் கேட்டு முடித்ததும் தீர்ப்பு வரும். 'பேசலாம்' என்றால் நல்ல இடம். 'பைய யோசிங்க' என்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும் என்று அர்த்தம். இதற்காக அவர் யாரிடமும் ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் வாங்கியதில்லை. சொந்த மகளுக்கு வந்த இடங்கள் எல்லாவற்றையும் இப்படியே விசாரித்து விசாரித்து, மதுமதிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இந்த மனிதரிடம்தான் நான் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் முதலாண்டுப் பாடப்புத்தகம் அச்சில் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. நூலகத்தில் ஒரே பிரதி. அதிலும் 'சமூக மாற்றம்' என்ற அத்தியாயத்தைக் கரையான் முழுசாகத் தின்றுவிட்டது. ஆக எங்கள் பிள்ளைகள் வருடா வருடம் சமூகம் மாறாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் முக்கூடல் பக்கத்துப் பெண்கள். வீட்டில் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள். இவர்கள் அந்தப் பிரதியை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கி வரி பாதியில் நிற்கிற தாள்களை வைத்துப் படித்தார்கள். போன பரீட்சையில் ஒருத்தி, 'சமூகம் என்பது மனிதர்கள் ஒருவரையொருவர்' என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன். போட்டுவிட்டு அன்றைக்குப் பூராவும் எரிச்சலோடு திரிந்தேன்.

அப்போதுதான் இணையத்தில் அந்தப் புத்தகம் கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கான அறிமுகச் சமூகவியல். பல ஊர் ஆசிரியர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அச்சடிக்கலாம் என்று இலவசமாக வைத்திருந்தார்கள். நான் முழுக்கப் படித்தேன். குறை இல்லாமல் இல்லை. நகரங்களைப் பற்றிய பாடம் இழுவை. மக்கள்தொகைப் படம் ஒன்று தலைகீழாக இருந்தது. ஆனால் தமிழ் நம் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழ். உதாரணங்கள் நம் பக்கத்து உதாரணங்கள். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் யோசிக்க வைக்கிற கேள்விகள். ஜங்ஷனில் ஒரு கடையில் அச்செடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டி, சாரின் மேஜையில் வைத்தேன். பாடத்திட்டக் குழு அடுத்துக் கூடுகிற திங்கட்கிழமை இதை நிறைவேற்றாவிட்டால், இன்னும் மூன்று வருடத்துக்குக் கரையான் தின்ற புத்தகம்தான் பாடம். குழு நிறைவேற்ற வேண்டுமானால் மதிப்பீட்டுப் படிவத்தில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

மதிப்பிட மூன்று பேர். சார், நான், வெளியிலிருந்து ஒரு நிபுணர். நிபுணர் கணேஷ்ராம் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், பாபநாசத்தில் இருக்கிறார். அவருக்குப் புத்தகத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து இரண்டு கை கூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. அது ஒப்புதலா, மன்னிப்பா, ஆளை விடு என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சாரிடம் காட்டினேன். "பெரியவரு கும்பிட்டுட்டாரு. சம்மதம்னு வச்சுக்கிடுவோம்" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்தார். முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார்.

"வெலை எங்கம்மா போட்டிருக்கு?"

"வெலையே கிடையாது சார். இலவசம்."

"அப்பம் எங்கயோ குறை இருக்கு."

"அது எப்படி சார் சொல்லுதீய?"

"மாப்பிள்ளை வீட்டுல எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாம்னு சொன்னா நாம முதல்ல என்ன விசாரிப்போம்? பையனுக்குக் காது கேக்குதான்னு விசாரிப்போம்."

"சார், இது புஸ்தகம்."

"அதான் நானும் சொல்லுதேன்" என்றார் நிதானமாக.

படிவத்தில் உள்ளடக்கம், மொழிநடை, பயிற்சிகள் என்ற கட்டங்களை எல்லாம், புத்தகத்தைத் திறக்காமலே, நான் சொன்னதைக் கேட்டு 'நன்று, நன்று' என்று நிரப்பிவிட்டார். 'நூலாசிரியர் பற்றிய கருத்து' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதியவர்களின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. யாருக்கும் இன்ஷியல் இல்லை. பட்டமும் இல்லை. அப்பா பெயரைச் சொல்லாதவர்கள் சமூகத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்பது அவருடைய கவலை. தினமும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டும் படித்தார். உள்ளே ஒரு பாடத்தையாவது வாசியுங்கள் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன்.

"பாடத்தை யாரும் நல்லா எழுதிப்புடலாம்மா. ஆளு எப்படின்னு தெரியணும்லா" என்றார்.

ஒருநாள் அவர் விரல் ஒரு பெயரில் நின்றது. 'குடும்பமும் திருமணமும்' என்ற பாடத்தை எழுதியவர்: சிவகணேஷ், ஸ்ரீவைகுண்டம். சாருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏம்மா, ஊர் இருக்கு."

எழுதினவர்களின் போன் நம்பர்களும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, நேராகவே பேசிவிடலாம் என்றேன். சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்டயே போய் மாப்பிள்ளை எப்படின்னு யாராச்சும் கேப்பாவளா?"

ஸ்ரீவைகுண்டத்தில் அவருக்குச் சுடலைவடிவு என்று ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் ஊர் விஷயத்தில் முழுநேரமாக இறங்கியவர். அவருக்குப் போன் போட்டார்.

"சுடலைவடிவு, பாளையங்கோட்டைத் தில்லைநாயகம் பேசுதேன்வே. உங்க ஊர்ல சிவகணேஷுன்னு ஒரு பையன். நல்லாப் படிச்சவன். யாரு மகன், வீடு எப்படி, பையன் குணம் எப்படின்னு பைய விசாரிச்சுச் சொல்லும். வெளிய தெரிய வேண்டாம்."

என்னத்துக்கு விசாரிக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. எதற்கு விசாரித்தாலும் கேட்க வேண்டியது இதுதானே என்று அவர் நினைப்பு. வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்ன விஷயம் எங்கள் பக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாக அது ஊருக்குள் போனது. மறுநாளே சுடலைவடிவு தகவல் சொன்னார். அப்பா பெயர் அப்பாத்துரை. அணைக்கட்டுப் பக்கம் வாழைத் தோப்பு. தங்கமான மனிதர். அம்மா இல்லை. ஒரே பையன், பூனாவில் வேலை, கல்யாணத்துக்கு இன்னும் பிடிகொடுக்காமல் இருக்கிறான். சாருக்குத் திருப்தி. ஆனாலும் ஒரு வாய் வார்த்தையை வைத்து முடிவு செய்கிற ஆள் இல்லை அவர். உரக்கடைக்காரரிடம் கேட்டார். கோயில் ஓதுவாரிடம் கேட்டார். அந்த ஊரில் பல் மருத்துவம் பார்க்கிற தன் பழைய மாணவரிடம் கேட்டார். எல்லோரிடமும் வெளியே தெரிய வேண்டாம் என்றார்.

"சார், திங்கக்கிழமை கூட்டம்" என்று நான் கத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வாம்மா. கையெழுத்துப் போட்டுத் தந்துருதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடும் புத்தகத்தோடும் போனேன். வாசலுக்கு வரும்போதே நெய் மணம் வந்தது. முன்னறையில் திரை புதுசு, நாற்காலிக்கெல்லாம் உறை புதுசு. கோமு அம்மாள் பட்டுச்சேலையில் நின்றார்.

"வா புள்ள, நீயும் வந்தது நல்லதாப் போச்சு. ஸ்ரீவைகுண்டத்துல இருந்து பையனோட அப்பா வாறாவ. மதுமதிக்கு இதாச்சும் அமையட்டும்னு திருச்செந்தூர் முருகனுக்குக் காசு முடிஞ்சு வச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சார் வந்தார். "பாத்தியாம்மா, முறை தெரிஞ்ச குடும்பம். மகன் எழுதின புஸ்தகத்தைப் பத்தி நாம விசாரிக்கோம்னு தெரிஞ்சதும் அப்பன் நேர்ல வாறாரு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆளுக்காக, ஒரே வீட்டில், ஒரே கேசரியைக் கிண்டி வைத்துக்கொண்டு, இரண்டு வேறு காரியத்துக்காகக் காத்திருந்தார்கள். யாரிடம் முதலில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அப்பாத்துரை அண்ணாச்சி உயரமான ஆள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஆட்டோக்காரரும் அவருமாக ஒரு முழு வாழைத்தாரை இறக்கி முன்னறையில் சாய்த்து வைத்தார்கள். பிறகு அவர் மட்டும் உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சாரைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சி தப்பா நினைச்சுக்கிடக் கூடாது. உங்களை மாதிரி எடம் அமைய நாங்க குடுத்து வச்சிருக்கணும். ஆனா இப்பம் தோதுப்படாது."

கோமு அம்மாளின் முகம் விழுந்தது. சார் திகைத்துப்போய், "நாளைக்குக் கூட்டத்தை வச்சுக்கிட்டு இப்பம் வந்து தோதுப்படாதுங்கீய?" என்றார்.

"நாளைக்கேவா?" என்று அப்பாத்துரை அண்ணாச்சி பயந்துபோனார்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் நிறுத்துங்க. இங்கன யாரும் யாருக்கும் மாப்பிள்ளை பாக்கலை. சார் விசாரிச்சது ஒரு புஸ்தகத்துக்காக" என்று சத்தமாகச் சொல்லி, நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். சுருள்கம்பிப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன்.

முதலில் பேசியது கோமு அம்மாள். "ஒரு புஸ்தகத்துக்கா ஓதுவார் வரைக்கும் விசாரிச்சீய?" என்று கேட்டுவிட்டு, சார் பதில் சொல்வதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

அப்பாத்துரை அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை. "அவன் புஸ்தகமா எழுதியிருக்கான்?" என்றார்.

சார் ஊர் ஊராக விசாரித்த அனுபவசாலி. அந்த ஒரு கேள்வியிலேயே பிடித்துவிட்டார். "அண்ணாச்சி, மகன் எழுதினது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஊரில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சிவகணேஷ் பூனாவிலேயே ஒரு மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆறு வருடமாகிறது. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஊருக்குள் மட்டும், பையன் பிடிகொடுக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார். அப்படிச் சொன்னதால் சம்பந்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வருகிறவர்கள் மனம் நோகக் கூடாதே என்று, ஒவ்வொரு வீட்டுக்கும் இவரே ஒரு வாழைத்தாரோடு நேரில் போய், தோதுப்படாது என்று சொல்லிவிட்டு வருகிறார். தென்காசி போயிருக்கிறார், நாகர்கோவில் போயிருக்கிறார், போன மாதம் மதுரை வரைக்கும் தாரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். "தோப்புல நல்ல தாரெல்லாம் இப்படித்தான் போகுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார்.

"என்ன சார்?" என்றேன்.

"நான் என்னன்னும்மா எழுதுவேன்? அப்பனும் மகனும் பேசாத வீடு. குடும்பம்னு பாடம் எழுதியிருக்கான், குடும்பத்துல பேச்சுவார்த்தை இல்ல. மனசறிஞ்சு நான் எப்படி சிபாரிசு பண்ணுதது? பைய யோசிக்கலாம்னுதான் போட முடியும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முக்கூடல் பெண்கள் இன்னும் மூன்று வருடத்துக்கு ஜெராக்ஸில் விழாத வரிகளை மனப்பாடம் செய்வார்கள். எனக்கு வந்த கோபத்தில் மரியாதை எல்லாம் போய்விட்டது. "பேசாத வீட்டைப் பத்தி எழுத, பேசாத வீட்டுப் பையனை விட யாரு சார் வேணும்? உங்களுக்குப் புஸ்தகம் வேணுமா, சம்பந்தி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"சத்தம் போடாத தாயி" என்றார் சார். அவருக்குக் கோபம் வராது என்று முன்பே சொன்னேன். அவர் நினைப்பில் அவர் செய்தது நேர்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாத்துரை அண்ணாச்சி கையை நீட்டினார். "அந்தப் பாடத்தைக் கொஞ்சம் குடும்மா."

பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். நானும் சாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோமு அம்மாள் கேசரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரமாக நின்றார். பாடத்தின் நடுவில் ஓர் உதாரணம் இருந்தது. தாமிரபரணிக் கரையில் நெல் பயிரிடும் ஒரு விவசாயி, ஒரே மகன், மகன் வேறு மொழிப் பெண்ணை மணந்துகொள்கிறான், அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். பெயர் எதுவும் இல்லை. கடைசியில் கேள்வி: 'இந்தத் தந்தை தன் மகனுடன் பேசாமலிருப்பதற்கான சமூகக் காரணங்களை விளக்குக. பத்து மதிப்பெண்.'

அதை அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி வாத்தியாரு. இதுக்கு விடை என்ன?"

சார் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவருக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம், ஆனால் வாத்தியாரிடம் கேட்டால் வாத்தியார் சொல்லித்தானே ஆக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பில் சொல்வது போலவே சொல்லத் தொடங்கினார்.

"ஒண்ணு, சொந்தச் சாதிக்குள்ள மணக்கணும்ங்கிற விதி மீறப்படுது. ரெண்டு, உறவுக்காரங்க மத்தியில குடும்ப மதிப்பு குறைஞ்சு போகும்ங்கிற பயம். அப்புறம், தகப்பனோட அதிகாரம். மகன் கல்யாணத்தைத் தானே முடிவு பண்ணும்போது அது ஆட்டம் காணுது. அப்புறம் மொழி, சடங்கு எல்லாம் வேற வேற."

நல்ல விடை. பரீட்சைத் தாளில் வந்திருந்தால் எட்டு மதிப்பெண் போட்டிருப்பேன். அப்பாத்துரை அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான் அண்ணாச்சி. முத வருசத்துக்கு இதெல்லாம் பொருந்தும். அதுக்குப் பொறவு இதொண்ணுமில்ல. அவன் முதல்ல பேசட்டும்னு நான் இருந்தேன். அவனும் அப்படித்தான் இருந்திருப்பான். ரெண்டு பேருக்கும் வேற காரணமே கிடையாது. இப்படி எழுதினா மார்க்கு உண்டுமா?"

சார் மார்க்குச் சொல்வதற்குள் அண்ணாச்சி மறுபடியும் புத்தகத்தில் குனிந்துவிட்டார். குரலில் திடீரென்று கோபம் வந்தது.

"ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு. நெல்லுன்னு போட்டிருக்கான். நமக்கு ஏது நெல்லு? இவன் பொறக்கும்போதே வாழைக்கு மாறியாச்சு. தோப்புல வளந்த பய இப்படி எழுதலாமா? படிக்கிற பிள்ளைக என்ன நினைக்கும்?"

அப்பாவை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அப்படி மாற்றி எழுதியிருப்பான் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, இந்தப் புத்தகத்தில் தப்பைக் கண்டால் யார் வேண்டுமானாலும் எழுதினவரிடம் சொல்லலாம், சொன்னால் உடனே திருத்திவிடுவார்கள் என்றேன்.

"யாருன்னாலும் சொல்லலாமா?"

"வாசிச்சவங்க யாருன்னாலும் சொல்லலாம்."

"நான் வாசிச்சிருக்கேன்லா" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பம் நான் சொல்லுததுல ஒண்ணும் தப்பில்ல."

கடைசிப் பக்கத்து நம்பரைப் பார்த்து, அவருடைய போனில் நானே அழுத்திக் கொடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு, காதில் வைக்காமல் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசுகிற வழக்கம் அவருக்கு. அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மணி அடித்தது. "ஹலோ" என்றது ஒரு குரல்.

"புஸ்தக விசயமாப் பேசுதேன்" என்றார் அண்ணாச்சி. "குடும்பம்னு போட்டிருக்க பாடத்துல, நெல்லு பயிரிடுதாருன்னு இருக்கு. அது தப்பு. வாழை."

அந்தப் பக்கம் பூனாவில் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"சரிப்பா" என்றான் அவன். "மாத்திருதேன்."

"சீக்கிரம் மாத்தணும். கல்லூரிப் பிள்ளைக படிக்கப் போறாவ."

"இன்னைக்கே மாத்திருதேன்ப்பா."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. போனை வைத்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் பேனா திறக்கிற சத்தம் கேட்டது. சார் என் கையிலிருந்த படிவத்தை வாங்கினார். "பேச்சுவார்த்தை இருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, நூலாசிரியர் பற்றிய கருத்து என்ற கட்டத்தில் 'பேசலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பாடத்திட்டக் குழு அதை என்னவென்று புரிந்துகொண்டதோ எனக்குத் தெரியாது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, புத்தகம் நிறைவேறிவிட்டது.

அன்றைக்கு அந்த முன்னறையில் அப்பாத்துரை அண்ணாச்சி போனை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார். கோமு அம்மாள், பேசுங்க என்று கையால் காட்டினார்.

"ஏலே" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பிள்ளை இந்தப் பாடத்தை வாசிச்சுதா?"

"வாசிச்சாப்பா. இதை வச்சுத்தான் தமிழ் படிச்சா."

"அப்பம் நாம நெல்லு போடுத ஆளுகன்னுல்லா அது இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கும்" என்றார் அவர். "போனை அதுகிட்டக் குடுல. நானே சொல்லிருதேன்."